விமானிக்கு ஒரு மர விமானம்

விமானி ஓட்டிய விமானம் ஒருநாளும் விமானிக்குச் சொந்தமாவதில்லை. லொறிச் சாரதி நினைத்தால் பழைய லொறியை விலைபேசி வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பயணிகள் விமானக் கப்டனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 65 வயதில் சர்வதேச விதி கதவைச் சாத்தும்போது கையில் மிஞ்சுவது தொப்பியும் லொக் புத்தகமும்தான். பிள்ளைகளும் சகாக்களும் அவருக்கென்று ஒரு மாதிரி விமானம் செய்யக் கொடுப்பது அதனால்தான்.

சில விமானங்களைத் தொட்டுப் பார்க்க மாதிரியை விட்டால் வேறு வழியே இல்லை. 1943 முதல் 1945 வரை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை வாவிக்கும் இடையே குவான்டாஸ் நிறுவனத்தின் ஐந்து கட்டலினா கடல் விமானங்கள் பறந்தன. முப்பது மணித்தியாலம் அளவுக்கு நீளும் பயணம். ஜப்பானியர் கண்டுபிடிக்காதிருக்க வானொலி மௌனம். வழி காட்ட நட்சத்திரங்கள் மட்டும். விமானங்களின் பெயர்களும் நட்சத்திரங்களுடையவை: அல்டேர், வேகா, ரைகல், அன்டாரெஸ், ஸ்பைகா. ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்ட பயணிகளுக்கு, இரட்டைச் சூரியோதயத்தின் இரகசியச் சங்கத்தில் சேர்ந்துவிட்டதாக ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் விமானங்களைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

கட்டலினாவைச் செதுக்கக் கொடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது அதன் மிதவைகளைப் பற்றி. இறக்கை நுனியிலுள்ள இரண்டு மிதவைகளும் பறக்கும்போது மேலே மடிந்து இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும். நீரில் இறங்கும்போதுதான் கீழே தொங்கும். தண்டின் மேல் பறக்கும் கோலத்தில் நிற்கும் மாதிரியில் மிதவை தொங்கிக்கொண்டிருந்தால், அதைச் செய்தவர் படத்தை மட்டும் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். எயார் லங்காவில் பறந்த ட்ரைஸ்டாரிலும் இப்படியொரு சோதனை உண்டு. அதன் மூன்றாவது இயந்திரம் வால் பகுதிக்குள் இருக்கிறது. காற்று உடலின் மேலுள்ள வாயில் நுழைந்து வளைந்து கீழிறங்கிப் பின்னால் வெளியேறும். போட்டி விமானமான டிசி-10இல் அதே காற்று நேர்க்கோட்டில் போகும். வால் பகுதியில் இந்த வேறுபாடு தெரியாவிட்டால் வர்ணம் எவ்வளவு பளபளத்தும் பயனில்லை. கப்டன் முதலில் அங்கேதான் பார்ப்பார்.

அளவு விகிதத்திலும் ஒரு ரசனை இருக்கிறது. 1:72இல் ஆறடி மனிதர் ஓர் அங்குலமாகிவிடுவார். 1942இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானங்களை அடையாளம் காணும் பயிற்சிக்காகப் பாடசாலை மாணவர்களிடம் ஐந்து இலட்சம் மர மாதிரிகள் கேட்டது இந்த அளவில்தான். அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் மேலே ஜப்பானிய விமானங்களோடு மோதிய ஹரிக்கேனின் இறக்கை அகலம் 40 அடி. 1:48இல் அது சரியாகப் பத்து அங்குலம், மேசைக்கு அளவான பொருள். ஆனால் ஏ330 ஒன்றை 1:100இல் கேட்டால் அறுபது சென்ரிமீற்றரைத் தாண்டிவிடும். அதை வைக்க முதலில் வீட்டைப் பெரிதாக்க வேண்டும்!

மஹோகனியில் கையால் செதுக்கும் மாதிரிகளுக்குப் பேர்போன நாடு பிலிப்பைன்ஸ். 1991 வரை அமெரிக்க விமானப்படைத் தளமாயிருந்த கிளார்க்கைச் சுற்றி வளர்ந்த தொழில் அது. வாங்க விமானிகள் பக்கத்திலேயே இருந்தார்கள். இங்கே மரம் செதுக்கும் ஊரான கண்டிக்கு அப்படியொரு தளம் வாய்க்கவில்லை. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது உண்மைதான். வந்தவர்கள் போரோடு திரும்பிவிட்டார்கள். கண்டிக் கடைகளில் இன்றும் மர யானைதான் அரசன்.

ஆனால் கைகள் இருக்கின்றன. கண்டியக் கலைச் சங்கம் 1882இல் தொடங்கியது. ஆனந்த குமாரசுவாமி இந்த மலைநாட்டுக் கைவினைஞரின் வேலைகளைப் பார்த்துப் பார்த்து எழுதிய பெரும் நூல் 1908இல் வெளிவந்தது. கண்டியிலிருந்து பிலிமத்தலாவைப் பக்கம் போனால் எம்பெக்கே தேவாலயம். கதிர்காமக் கடவுளுக்குரிய அந்தக் கோயிலின் மேள மண்டபத் தூண்களில் கழுத்துப் பின்னிய அன்னங்களும் இருதலைப் பறவையும் மல்லரும் நடனப் பெண்களும் நிற்கிறார்கள். மேலே அண்ணாந்தால் 26 கைமரங்களை ஒன்றாகக் கவ்விப் பிடிக்கும் ஒற்றை மர ஆப்பு. இறக்கையை உடலோடு பொருத்துவது எப்படி என்று இந்த மரபுக்கு வெளியார் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது வேறு. சிற்பாசாரியின் கை வெற்றிடத்தைப் பொறுக்காது; கவனிக்காவிட்டால் இறக்கையில் ஒரு கொடி ஏறிவிடும். விமானத்தின் அழகு வெறுமையில் இருக்கிறது. மேலிருந்தும் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் வரைந்த மூன்று படங்களை, கேட்கும் அளவிலேயே அச்சிட்டுக் கொடுப்பது நல்லது. முன்பக்கப் படத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். இறக்கைகள் நுனியை நோக்கி எவ்வளவு உயர்கின்றன என்பது அதில்தான் தெரியும். அந்தச் சாய்வு தவறினால் விமானம் சோர்ந்து நிற்கும்.

மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் செதுக்கியது கொழும்பு ஏசி அறைக்குப் போனதும் வெடிப்பதைத் தவிர்க்க வேறு மந்திரம் இல்லை. இறக்கையைத் தனியாகச் செய்து, மரத்தின் ரேகை அதன் நீளவாக்கில் ஓடும்படி பார்க்க வேண்டும். குறுக்கே ஓடினால் தூசு தட்டும்போதே நுனி போய்விடும்.

வர்ணமா, வெறும் மரமா என்ற வழக்கு முடியாதது. பயணிகள் விமானத்துக்கு வர்ணம் வேண்டும். எயார் லங்காவின் சிவப்புக் கோடுகளும் வாலிலுள்ள மயிலும் இல்லாமல் ட்ரைஸ்டார் யாருடையதோ ஆகிவிடும். அதிலும் அந்த விமானி பறந்த ஆண்டின் வர்ணமே வேண்டும். 1999இல் நிறுவனத்தின் பெயரே ஸ்ரீலங்கன் என்று மாறியது. பழைய போர் விமானங்களை மட்டும் வர்ணம் பூசாமல் விடலாம். பலாமரத்தின் மஞ்சள் வருடங்களோடு கறுத்துத் தவிட்டு நிறமாகும்போது ஹரிக்கேனுக்கு அது பொருந்திவரும். கிளியர் வார்னிஷ் ஒரு பூச்சு போதும். கண்ணாடிபோல் மின்னுவது பரிசுக்கோப்பைக்கு அழகு.

தண்டை மாத்தளைப் பக்கத்து ஹப்புவிடவின் அரக்கு வேலையில் கேட்கலாம். மரத்தில் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக அரக்கு ஏறும் அந்த வேலைப்பாடு, விமானத்தைத் தொடாமலேயே ஊரைச் சொல்லிவிடும். பீடத்தில் பதிக்கும் பித்தளைத் தகட்டுக்குப் பிலிமத்தலாவை இருக்கிறது. அதில் வாழ்த்துக் கவிதை வேண்டாம். 4ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணும், அந்த விமானத்தில் அவர் முதலும் கடைசியும் பறந்த திகதிகளும் போதும். திகதிகளை வீட்டாரின் ஞாபகத்திலிருந்து எடுக்காமல் லொக் புத்தகத்தைப் பார்த்தே எழுதிக் கொடுக்க வேண்டும்.