ஒரே கூரைக்கு ஏற்ற ஸ்டீம்

தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம், சிம் லிம் ஸ்குவேருக்கு. அங்கே புதுக் கணினி கட்டித்தரச் சொன்னால், டிவிடி டிரைவ் வேண்டுமா என்று இப்போது யார் கேட்கிறார்கள்? பல கேபினெட்டுகளில் அதற்கு இடமே கிடையாது. விளையாட்டு உள்ளே வர முக்கிய வாசல் லாஞ்சர்தான். அதில் முதலில் நிறுவப்படுவது பெரும்பாலும் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம். 2003இல் கவுண்டர் ஸ்ட்ரைக்குக்கு அப்டேட் அனுப்புவதற்காக வந்து, ஆட்டக்காரர்களிடம் ஏகத்துக்கும் திட்டு வாங்கிய மென்பொருள் இது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

பதிவிறக்கத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. அமைப்புகளில் சிங்கப்பூர் சர்வரைத் தேர்ந்தெடுத்தால், 1 ஜிகாபிட் ஃபைபரில் 100 ஜிபி விளையாட்டு கணக்குப்படி கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையா? இணைய நிறுவனத்தைத் திட்டுமுன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஸ்டீம் கோப்புகளைச் சுருக்கி அனுப்புகிறது. இறங்க இறங்க விரித்து எழுதும் வேலை உங்கள் பிராசசருக்கும் வட்டுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு 10 ஜிகாபிட் இணைப்புக்கு மாறுவது வீண் செலவு. வீட்டில் இன்னொரு கணினியில் அதே விளையாட்டு இருந்தால், 2023இல் வந்த வசதியைக் கொண்டு வீட்டு நெட்வொர்க் வழியாகவே நகலெடுக்கலாம்.

தேசிய சேவையில் இருக்கும் பையன்களைத்தான் ஸ்டீமின் தானியங்கி அப்டேட் சோதிக்கும். வார இறுதியில் முகாமிலிருந்து வந்து கணினியைத் திறந்தால், அப்டேட்டுகள் வரிசைகட்டி நிற்கும். எந்த நேரத்தில் அப்டேட் ஆகலாம் என்று குறித்து வைக்கலாம். ஆனால் அதற்குக் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே. விளையாட்டைத் திறக்கும்போது மட்டும் செய் என்று தள்ளிப்போடலாம். ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லும் பொத்தான் கிடையாது.

2024 செப்டம்பரில் முழு வடிவம் பெற்ற ‘ஸ்டீம் ஃபேமிலிஸ்’ என்ற குடும்பப் பகிர்வு வசதிதான் என் கணக்கில் இதன் பெரிய பலம். ஆறு பேர் வரை சேரலாம். அண்ணன் வாங்கிய ஒரு விளையாட்டைத் தங்கை ஆடும்போது, அண்ணன் வேறொன்றை ஆடலாம். பழைய பகிர்வு முறையில் இது முடியாமல் இருந்தது. ஒரே விளையாட்டை இருவரும் ஒரே நேரத்தில் ஆடத்தான் இரண்டு பிரதிகள் வேண்டும். பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கலாம், அவர்கள் கேட்கும் விளையாட்டுக்கு அப்பாவோ அம்மாவோ கைபேசியிலேயே ஒப்புதல் தரலாம். மூன்றறை வீட்டில் நான்கு பேர் இருக்கும் குடும்பத்துக்கு இது நல்ல மிச்சம்.

ஆனால் நம் குடும்பங்கள் எப்போது ஒரே கூரையின் கீழ் இருந்தன? ஜொகூர் பாருவில் இருக்கும் அக்காவையோ திருச்சியில் இருக்கும் சித்தப்பா மகனையோ சேர்க்க முடியாது. எல்லாரும் ஒரே நாட்டில், ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு ஆகாமல் வேறு குடும்பத்துக்கு மாறவும் முடியாது. இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. தம்பி உங்கள் பிரதியில் ஏமாற்று மென்பொருள் போட்டு ஆடி மாட்டிக்கொண்டால், அந்த விளையாட்டில் உங்களுக்கும் தடை. யாரைச் சேர்ப்பது என்று யோசித்துச் சேருங்கள்.

ஸ்டீமில் ஒரு விளையாட்டை வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். வாங்குபவருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து 2023இல் வந்த ‘வெண்பா’வை அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியே முடித்துவிடலாம். முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பவரைத் தடுக்க அதை உருவாக்கிய சிறு குழுவால் என்ன செய்ய முடியும்? விற்பனையில் 30 விழுக்காட்டை வேறு ஸ்டீம் எடுத்துக்கொள்கிறது. எபிக் நிறுவனத்தின் கடை எடுப்பது அதிகபட்சம் 12. ‘வெண்பா’வை விற்கும் ஸ்டீமின் இடைமுக மொழிகளில் தமிழ் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லாஞ்சர் நம் கையில் இல்லை என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 2009இல் இங்கேயே தொடங்கிய கரீனா நிறுவனம், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டை இந்த வட்டாரத்தில் பல்லாண்டு நடத்தியது. 2023 ஜனவரியில் அதை உருவாக்கிய ரயட் நிறுவனமே அதை எடுத்துக்கொண்டபோது, ஆட்டக்காரர்கள் தங்கள் கரீனா கணக்கை ரயட் கணக்கோடு இணைத்து இடம்மாற வேண்டியிருந்தது.

நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று 2024 அக்டோபர் முதல் ஸ்டீமும் பணம் கட்டும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. வீவக வீட்டுக்காவது 99 ஆண்டு என்று ஒரு கணக்குண்டு, பிள்ளைகள் பெயருக்கு மாற்றவும் வழியுண்டு. ஸ்டீம் கணக்கை இன்னொருவருக்கு மாற்றித்தர ஒப்பந்தம் இடம் கொடுப்பதில்லை. ஜிஓஜி கடையிலோ நிறுவும் கோப்பையே கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு வட்டில் போட்டு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் எல்லாரும் மாற்றி மாற்றி ஆடும் விளையாட்டுகளுக்கு ஸ்டீமையே சொல்வேன். பத்து வருடம் கழித்தும் எடுத்து ஆட நினைக்கும் ஒன்று ஜிஓஜியில் கிடைத்தால், ஸ்டீமில் இரண்டு வெள்ளி குறைவாக இருந்தாலும் அங்கேதான் வாங்குவேன்.