குருந்தம்

கனிமவியல் நூல்களில் ‘கொரண்டம்’ என்று உலகமே எழுதும் பெயர் நம் குருந்தம்தான், வடமொழியில் குருவிந்தம். 1798இல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் இந்தக் கல்லைப் பற்றி விரிவாக எழுதினார். அதற்கு வெகுமுன்பே இங்கே அதைப் பொடித்து, அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். மோஸ் அளவில் கடினம் 9. வைரம்தான் அதற்கும் மேலே.

அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். தூயதற்கு நிறமில்லை. துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல். ஆனாலும் எனக்குப் பிடித்தது நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் கிடைக்கும் மங்கிய குருந்தம். மோதிரத்தில் ஏறாத கல்தான். நல்ல படிகமாக அமைந்தால் ஆறு பட்டைகளும் விரலில் தட்டுப்படும். யாரும் தீட்டியதில்லை, மண்ணுக்குள்ளேயே அப்படி விளைந்தது!