செத்தவர்களுக்கான ஜெபமும் ‘ஆதாரம்’ என்ற சொல்லும்

இறந்தோருக்காக ஜெபிக்க வேதத்தில் ஆதாரம் உண்டா என்று கேட்டால் கத்தோலிக்கர் 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தை எடுத்து நீட்டுவார். அது எங்க பைபிள்லயே இல்லையே என்பார் புரொட்டஸ்டண்ட். விவாதம் அத்தோடு முடிந்துவிடும். இருவருமே அந்தப் பிரதியை வாசிப்பதில்லை.

போர் முடிந்து பிணங்களை எடுக்க வருகிறார்கள் யூதா மக்கபேயின் ஆட்கள். செத்துக் கிடக்கும் ஒவ்வொருவனின் சட்டைக்குள்ளும் யாம்னியா ஊர்த் தெய்வங்களின் தாயத்து. இதனால்தான் செத்தார்கள் என்று எல்லோருக்கும் விளங்கிப் போகிறது. அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஜெபிக்கிறார்கள், ஆளாளுக்கு வசூலித்துச் சுமார் 2,000 வெள்ளித் திராக்மாவைப் பாவப்பலிக்காக எருசலேமுக்கு அனுப்புகிறான் யூதா. அதற்குப் பிறகுதான் கதைசொல்லி குறுக்கிடுகிறான்: இவர்கள் எழுந்திருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு இல்லையென்றால் இது வீண்வேலைதானே என்று. கட்டளை எதுவும் இங்கே இல்லை. செயல் முன்னால் நடந்துவிட்டது. கோட்பாடு மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வருகிறது. இதைப் போய் ‘ஆதாரம்’ என்றால் எப்படி?

கத்தோலிக்க வாசிப்புக்கும் இது வசதியான பிரதி அல்ல. விக்கிரகத் தாயத்தோடு செத்தவன் சாவான பாவத்தில் அல்லவா போகிறான்? அவனுக்கு ஏது உத்தரிக்கிற ஸ்தலம்? கடைசி நொடியில் மனம் திரும்பியிருப்பான் என்று சமாளிக்கலாம்; பிரதி அப்படிச் சொல்லவில்லை. அது பேசுவது உயிர்த்தெழுதலை. நடுவே ஓர் இடம் பற்றி மூச்சே இல்லை. அந்த இடத்துக்கான லத்தீன் பெயர்ச்சொல்லே 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தோன்றுகிறது என்று ழாக் லெ கோஃப் 1981இல் வந்த நூலில் வாதிட்டார்.

லூத்தர் விஷயம் இன்னும் சிக்கல். 1519 லைப்சிக் விவாதத்தில் யோஹன் எக் இந்தப் பகுதியைக் காட்டியபோது, உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்றே லூத்தர் ஒத்துக்கொண்டார். நூல்தான் திருமுறையில் சேராது என்றார். 1517லிருந்து சண்டை பாவமன்னிப்புச் சீட்டு பற்றியது. செத்தவன்மீது யாருக்கு அதிகாரம் என்ற கேள்வி, எது வேதம் என்ற கேள்வியாக உருமாறுகிறது. பதிலுக்குத் திரெந்து சங்கம் 1546இல் நூலைத் திருமுறையென அறுதியிட்டது.

இத்தனைக்கும் 1528இல் லூத்தர் எழுதினார்: வேதம் இதுபற்றி ஒன்றும் சொல்லாததால், இறந்தவருக்காகத் தனியே ஜெபிப்பது பாவமில்லை, ஒன்றிரண்டு முறை போதும். பூசைகளைக் கணக்குப் போட்டு விற்றவர்களை எதிர்த்தவர், துக்கத்துக்கு ஏன் எண்ணிக்கை வைக்கிறார்? தமிழ்நாட்டில் நவம்பர் 2 அன்று கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோகும் புரொட்டஸ்டண்ட் குடும்பங்கள் உண்டு. ஜெபிக்கிறீங்களா என்றால், இல்லீங்க, நினைவுகூர்றோம் என்பார்கள்.