நான்கு மில்லிமீட்டரும் ஒரு நீர்க்கட்டியும்

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஆர்.கே.பேட்டையில் 'கர்ப்பப்பையை எடுத்தாச்சு' என்றாலும் 'கர்ப்பசஞ்சி தீசேசாரு' என்றாலும் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில், 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. இந்திய அளவில் அது மூன்றைச் சற்றே தாண்டும். மாதவிலக்கு நிற்கும் முன்பே கணக்கு இப்படி என்றால், நின்றபின் ஸ்கேன் தாளில் 'சிஸ்ட்' என்றோ 'தடிப்பு' என்றோ ஒரு சொல் விழுந்தால் என்ன ஆகும்?

ஸ்கேனுக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிடலாம். விலக்கு நின்று ஓராண்டு கழித்து ரத்தம் பட்டால், உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்சவ்வை அளக்கிறார்கள். 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பாலும் சவ்வு காய்ந்து மெலிந்ததுதான் காரணமாக இருக்கும். அளவு தாண்டினால் மெல்லிய குழாயால் துளித் திசு எடுத்துப் பார்க்கலாம். ரத்தம் திரும்பத் திரும்ப வந்தால், சவ்வு மெலிந்திருந்தாலும் திசு பார்த்தே தீர வேண்டும். கத்தி எடுக்காமல் இவ்வளவு சொல்லும் கருவியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

கோளாறு அந்த நான்கை எல்லார் மீதும் வைப்பதில் தொடங்குகிறது. அது ரத்தம் பட்டவருக்கான எல்லை. வயிற்றுவலி என்று போய், தற்செயலாகச் சவ்வு 6 மில்லிமீட்டர் என்று தெரியவந்தவருக்கு அது பொருந்தாது. ரத்தப்போக்கே இல்லாதவருக்கு 11 மில்லிமீட்டரைத் தாண்டினால் திசு எடுக்கலாம் என்று 2004-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் மாத்திரை எடுப்பவர் பலருக்குச் சவ்வு தடித்தே தெரியும்.

சூலக நீர்க்கட்டியின் கதையும் இதேதான். 'கட்டி' என்ற சொல்லே நம்மை நடுங்க வைக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கியில் 50 வயது தாண்டிய 15,000 பெண்களைத் தொடர்ந்து பார்த்தபோது 2,763 பேருக்கு ஒற்றை அறை நீர்க்கட்டி இருந்தது. அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஏழு தானாகவே மறைந்தன. 5 சென்டிமீட்டருக்குட்பட்டு, ஒரு பக்கம் மட்டும், உள்ளே தெளிந்த நீராக இருந்து, ரத்தப் பரிசோதனையில் சி.ஏ.125 என்ற புரதத்தின் அளவும் சரியாக இருந்தால், நான்கு முதல் ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் பார்த்தால் போதும் என்கிறது பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல். பல அறைகள், கெட்டியான பகுதி, வயிற்றில் நீர் என்று வந்தால் கதை வேறு. அப்போது உள்ளூரில் கட்டியைக் குத்தி நீர் எடுக்க ஒப்புக்கொள்ளக் கூடாது. புற்றாக இருந்தால் அது உள்ளே சிந்தும். காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போவதே சரி.

சி.ஏ.125-ஐயும் கண்மூடி நம்ப முடியாது. வயிற்றுக் காசநோயிலும் அது எகிறும், நீரும் கோக்கும். மாத்திரையில் தீரும் நோய்க்கு வயிற்றைத் திறந்த அனுபவங்கள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சரி, எல்லாப் பெண்களுக்கும் ஆண்டுதோறும் ஸ்கேனோ சி.ஏ.125-ஓ பார்த்துவிடலாமே? பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களைக் கொண்ட ஆய்வில் பாதிப் பேருக்கு அதைச் செய்து பார்த்தார்கள். சூலகப் புற்றுநோய்ச் சாவுகள் குறையவில்லை என்று 2021-இல் முடிவு வந்தது. 'மாஸ்டர் செக்கப்' விளம்பரங்களில் இந்தச் செய்தியை நான் இன்னும் பார்க்கவில்லை.

உண்மையில் ஸ்கேன் தேவைப்படுகிறவர் வேறொருவர். கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய் வந்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதலில் ரத்தம்தான் படுகிறது. ஆனால் ஐம்பத்தைந்து வயதில் சேலையில் கறை கண்டவர், நின்ற தீட்டு திரும்பியதாக நினைத்து வெட்கப்படுகிறார். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறாமல் முழங்கால் வலி என்று சொல்லிவிடுகிறார். மருமகளிடம்கூடச் சொல்வதில்லை. அதே தெருவில் வாயுத் தொல்லைக்கு ஸ்கேன் எடுத்த தறிக்கார அம்மா, 3 சென்டிமீட்டர் நீர்க்கட்டிக்காக நகையை அடகு வைத்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர், 'நின்னதுக்கப்புறம் எப்பவாவது ரத்தம் பட்டுச்சாம்மா?' என்று இன்னொரு கேள்வியையும் கேட்க அரை நிமிடம் ஆகாது.