கல்கியின் இரு புதினங்களில் புண்ணும் மருந்தும்

வரலாற்றுப் புதினங்களில் காதல், தலைமக்களைக் கூட்டுவிக்கும் நிகழ்ச்சியாக மட்டும் அமைவதில்லை. போரால் தந்தையை, நாட்டை, மானத்தை இழந்தோரின் உள்ளப் புண்ணை ஆற்றும் மருந்தாகவும் அது கொள்ளப்படுகிறது. அம்மருந்தின் ஆற்றல் எத்துணையது என்பதை, 1941இல் தொடராக வெளிவரத் தொடங்கிய 'பார்த்திபன் கனவு', 1944இல் தொடங்கிய 'சிவகாமியின் சபதம்' ஆகிய இரண்டையும் ஒருங்கு வைத்து ஈண்டு ஆராய்வோம்.

காதலை நோயும் மருந்துமாகக் கூறுதல் தமிழ் மரபே. வள்ளுவரின் காமத்துப்பாலில் நோய் செய்தவளே அதனைத் தீர்ப்பவளும் ஆவாள். ஆயின் ஆண்டு நோயும் காதலால் வந்தது. இப்புதினங்களிலோ நோய் போரால் வந்தது. மருந்து மட்டுமே காதலிடத்து நாடப்படுகிறது. இவ்வேறுபாடு சிறிதன்று.

விக்கிரமன் பல்லவரொடு பொருது மாண்ட பார்த்திபனின் மகன், நாடு கடத்தப்பட்டவன். மாறுவேடத்தில் மீண்டு, கடுஞ்சுரத்தால் வீழ்ந்தவனைப் பகைவேந்தன் மகள் குந்தவி உறையூர் வசந்த மாளிகையில் வைத்துப் பேணுகிறாள். தன் முன்னோர் மாளிகையிலேயே அவன் விருந்தினனாகக் கிடக்கிறான். உடற்பிணி நீங்குமிடமும் பகை தணியுமிடமும் ஒன்றாகும்படி ஆசிரியர் அமைத்த திறம் போற்றத்தக்கது. எனினும் அவன் புண் முற்றும் ஆறியது காதலால் மட்டும் அன்று. இழந்த சோழநாடு உரிமையோடு மீட்டளிக்கப்பட்ட பின்னரே மணம் நிகழ்கிறது. காதலோடு நீதியும் உடன் வந்தது என்க.

சிவகாமியின் நிலை வேறு. வாதாபியில் சிறைப்பட்டோர் கசையடி படுவதைத் தடுக்க அவள் நாற்சந்தியில் ஆடினாள். தெய்வத்தன்மை உடையதாகத் தான் போற்றிய கலையே பகைவன் கையில் கருவியாயிற்று. அவள் பெற்ற புண் கலையில் பெற்ற புண் ஆகும்.

மாமல்லன் பாண்டியன் மகளை மணந்தமையாலேயே அவள் வாழ்வு சிதைந்தது என்பார் உளர். அக்கருத்து நூலொடு பொருந்தாது. மாமல்லன் அவளை மீட்க மறைவாக வாதாபிக்கு வந்தபோது அவனுக்கு மணம் நிகழ்ந்திலது. காதல் நேரில் வந்து அழைத்தும் அவள் செல்லவில்லை. தன் சூளுறவையே பற்றி நின்றாள். எனவே அம்மணத்திற்கு முன்னரே அப்புண் காதலின் கைக்கு எட்டாததாகிவிட்டது. கி.பி. 642இல் வாதாபி வீழ்ந்ததும் பழி தீர்ந்தது. இழந்த ஆண்டுகள் மீளவில்லை. நாட்டைத் திருப்பித் தரலாம். இழிவுற்ற கலையின் பெருமையைக் காதலன் எவ்வாறு திருப்பித் தர இயலும்? இறுதியில் அவள் ஏகாம்பரநாதரைத் தலைவனாக ஏற்று ஆடலை அவன் திருமுன் படைக்கிறாள். கலையில் பெற்ற புண் கலையிலேயே ஆறத் தொடங்குகிறது.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாது விடுதல் திறனாய்வுக்கு அறமன்று. விக்கிரமனுக்கு அரசும் மனைவியும் வாய்க்க, சிவகாமிக்கு உலகியல் வாழ்வில் இடமே வைக்கப்படவில்லை. சிறை மீண்ட பெண்ணை மனிதர் நடுவே வாழவைக்கும் வழியை ஆசிரியர் தேடினார் அல்லர். கோயிலின் உயர்வு அவ்வினாவை மறைத்துவிடுகிறது.

முன்னதை இன்பியல் எனவும் பின்னதைத் துன்பியல் எனவும் பெயரிட்டு அமைதல் போதாது. இழந்தது எது, அதனை மீட்டுத் தரவல்லார் யார் என்னும் வினாக்களே இரு முடிவுகளையும் விளக்குவன. காதல் புண்ணுற்றாரின் அருகிருந்து பேணும். இழந்ததை மீட்டுத் தருதல் அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்பதே இவ்விரு நூல்களையும் ஒப்பிட்டு நாம் பெறும் முடிபு.