அரமும் அம்மியும்: தேய்வின் சொற்கள்

அம்மி கொத்துபவர் உளியை எடுக்குமுன் உள்ளங்கையால் கல்லைத் தடவிப் பார்ப்பார். வழுவழுவென்று இருந்தால் கல் மழுங்கிவிட்டது. மிளகாயையும் மஞ்சளையும் அரைத்து அரைத்து அம்மியும் அரைபட்டிருக்கிறது. புள்ளி புள்ளியாகக் கொத்தினால்தான் மறுபடி பிடிப்பு வரும். கொத்தியபின் முதலில் அரைப்பதைக் கீழே கொட்டிவிடுவார்கள். அதில் கல்பொடி இருக்கும்.

பொருளோடு பொருள் உரசிக் குறைவதற்குத் தமிழில் சொற்கள் ஏராளம். உரசியபின் கையில் என்ன மிஞ்ச வேண்டும் என்பதைப் பொறுத்து வினை மாறுகிறது. விழுது வேண்டுமானால் அரைக்கிறோம். கூர் வேண்டுமானால் தீட்டுகிறோம், சாணை பிடிக்கிறோம். பளபளப்புக்குப் பாத்திரத்தைத் துலக்குகிறோம், மரத்தை இழைப்புளியால் இழைக்கிறோம். இரும்பின் பிசிறை அரத்தால் அராவுகிறோம். தோல் உரிந்தால் சிராய்ப்பு, நீர் கரைத்துக்கொண்டு போனால் அரிப்பு. யாரும் கேளாமலே பொருள் குறைந்துகொண்டு போவது தேய்வு.

இவற்றில் அழகானது 'உரை'. நகைப் பட்டறையில் கறுப்புக் கல்லின் மேல் நகையை ஓர் இழுப்பு இழுக்கிறார் ஆசாரி. மெல்லிய மஞ்சள் கோடு விழுகிறது. பக்கத்திலேயே மாற்று தெரிந்த பொன்னால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் அமிலம் ஒரு சொட்டு. கலப்பு மிகுந்த கோடு மங்கிவிடும். 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று நல்ல மனிதரைப் புகழ்கிறோமே, அந்த மாற்றைச் சொல்வது இந்த உரைகல்தான்.

வள்ளுவருக்கு அரத்தின் மேல் தனிக் கவனம் உண்டு. 567-ஆம் குறளில் கடுஞ்சொல்லும் வரம்பு மீறிய தண்டனையும் அரசனின் வலிமையைத் தேய்க்கும் அரம் ஆகின்றன. 888-இல் உட்பகை புகுந்த குடி, அரம் பட்ட உலோகம்போல் தேய்கிறது. ஆனால் மனத்தைப் பிடித்து நிறுத்துவது 1261. பிரிந்து போனவன் சென்ற நாட்களைக் குறித்து வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி எண்ணியே தலைவியின் விரல் தேய்ந்துவிட்டது. தேய்வு என்ற சொல்லை இதைவிடத் துயரமாக யாராலும் ஆள முடியாது.

பழமொழியில் அதே சொல்லுக்கு இரண்டு முகம். கழுதை தேய்ந்து கட்டெறும்பானால் அழிவு. எறும்பு ஊரக் கல்லும் தேய்ந்தால் அது விடாமுயற்சி.

தேய்க்கும் பொருளுக்கும் தமிழ் பெயர் தந்திருக்கிறது. கனிமவியலார் 'கொரண்டம்' என்று சொல்லும் கல்லின் பெயர் தமிழ்க் 'குருந்தம்' என்பதிலிருந்து வந்ததாக ஆங்கில அகராதிகளே குறிக்கின்றன. மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 9. அதற்கு மேல் வைரம் மட்டுமே, 10. மாணிக்கமும் நீலக்கல்லும் இதே குருந்தத்தின் நிறங்கொண்ட வடிவங்கள். சாணைச் சக்கரத்திலும் உப்புத்தாளிலும் ஒட்டப்படும் அலுமினியம் ஆக்சைடும் வேதியியலில் இதுவேதான்.

இயற்பியல் பாடநூலில் உராய்வு, கணக்குப்பதிவியலில் தேய்மானம், இலக்கிய விமர்சனத்தில் தேய்வழக்கு என்று இந்தக் குடும்பம் இன்றும் உழைக்கிறது. ஆனாலும் எல்லா வேலைக்கும் 'தேய்க்கவும்' என்று ஒரே சொல்லால் எழுதிவிடும் பழக்கம் வளர்கிறது. கலைச்சொல் ஆக்குவோர் தச்சுப் பட்டறைக்கும் கொல்லுப் பட்டறைக்கும் ஒருமுறை போய்க் கேட்க வேண்டும். அங்கே சொல்லித்தர இன்னும் ஆள் இருக்கிறார்கள். மிக்ஸி வந்தபின் அம்மி கொத்துபவரின் குரல் தெருவில் அரிதாகிவிட்டது.