ஒரு வரி, இரண்டு மசோதா, இரண்டு அவை

போன மாதம் காரைக்குடி போயிருந்தபோது அக்கா மகள் ஒரு கைடு புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். குரூப் 2-க்குப் படிக்கிறாள். "மாமா, இந்த டேபிள மனப்பாடம் பண்ணிட்டேன். ஆனா அதிகாரம் கம்மியா இருக்கிறதுக்கு ஏன் மேலவைன்னு பேரு?"

நம்ம எல்லாருமே படித்த டேபிள்தான். இடது பக்கம் மக்களவை, வலது பக்கம் மாநிலங்களவை. 543 பேர், 245 பேர். 25 வயது, 30 வயது. 5 ஆண்டு, கலைக்க முடியாது. நேரடித் தேர்தல், மறைமுகத் தேர்தல். கடைசி வரியில் 'பண மசோதா: அதிகாரம் உண்டு, இல்லை'. எல்லாமே சரியான தகவல். ஆனால் இதைப் படிக்கிறவருக்கு ரெண்டு அவைக்கும் உள்ள வித்தியாசம் உயரம், எடை மாதிரி மாறாத ஒன்று என்று தோன்றும். என் குறை அதில்தான். அந்த வித்தியாசம் மசோதாவுக்கு மசோதா மாறுகிறது. அதை மாற்றும் சாவியும் ரெண்டில் ஒரு அவையின் கையில் இருக்கிறது.

முதலில் பெயர் விஷயத்தை முடித்துவிடலாம். 1919 சட்டப்படி டெல்லியில் உருவான 'கவுன்சில் ஆஃப் ஸ்டேட்' நிஜமாகவே மேல்தட்டு அவை. பெரிய சொத்தும் வரியும் கட்டுகிறவர்களுக்குத்தான் அதில் ஓட்டு. நம்ம ராஜா சர் அண்ணாமலை செட்டியார் அதில் உறுப்பினராக இருந்தவர். அந்த வழக்கில் வந்த சொல்லை இன்னும் சுமக்கிறோம். அரசமைப்புச் சட்டத்தில் மேலவை, கீழவை என்று எதுவும் கிடையாது.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள சிவகங்கைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. அண்ணாமலை செட்டியாரின் மகள் வயிற்றுப் பேரனான ப. சிதம்பரம் ரெண்டு அவையிலும் இருந்தவர். 1984 முதல் 2009 வரை சிவகங்கை மக்களவைத் தொகுதியில் ஏழு முறை ஜெயித்தார், 1999-ல் தோற்றார். (அப்போது ஜெயித்த சுதர்சன நாச்சியப்பனும் 2004-ல் மாநிலங்களவைக்குப் போனார். இந்தத் தொகுதிக்கு அப்படி ஒரு ராசி.) 2009-ல் வித்தியாசம் 3,354 ஓட்டு. ஓட்டு எண்ணிய அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் ஆளாளுக்கு ஒரு முடிவு சொல்லிக்கொண்டிருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. 2016-ல் அவர் மாநிலங்களவைக்குப் போனபோது தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. போனது மகாராஷ்டிராவிலிருந்து, போட்டியே இல்லாமல். 2022-ல் தமிழ்நாட்டிலிருந்து போனதும் போட்டியில்லாமல்தான்.

கானாடுகாத்தானில் பிறந்தவர் எப்படி மகாராஷ்டிரா உறுப்பினர் ஆனார்? 2003 வரை அந்த மாநிலத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2003-ல் அதை எடுத்துவிட்டார்கள். குல்தீப் நய்யார் வழக்குப் போட்டார். 2006-ல் உச்ச நீதிமன்றம், குடியிருப்பு கட்டாயம் இல்லை, திருத்தம் செல்லும் என்றது. ஆக 'மாநிலங்களின் அவை' என்பதில் மாநிலம் என்பது அந்தச் சட்டமன்ற உறுப்பினர்களின் ஓட்டு மட்டும்தான்.

இப்போது ஜிஎஸ்டிக்கு வருகிறேன். ஒரே வரி விஷயத்தில் மாநிலங்களவை ஒரு தடவை முழு பலத்தோடும், எட்டு மாதம் கழித்து பலமே இல்லாமலும் நின்றது இங்கேதான்.

முதல் மசோதா அரசமைப்புத் திருத்தம். 2015 மே மாதம் மக்களவையில் தாராளமாகத் தாண்டியது. மாநிலங்களவையில் மோடி அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. அரசமைப்புத் திருத்தத்துக்கு ஒவ்வொரு அவையிலும் தனித்தனியாக, ஓட்டுப் போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கூட்டுக் கூட்டம் வைத்து 543 பேரின் எண்ணிக்கையால் அமுக்கவும் வழி கிடையாது. (சாதாரண மசோதாவுக்கு அந்த வழி உண்டு. 1961, 1978, 2002 என மூன்றே முறை பயன்பட்டது. கடைசியாக வந்தது பொடா.) 1970-ல் மன்னர் மானிய ஒழிப்பு மசோதா 149-க்கு 75 என்று வந்து, மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு ஓட்டின் சிறு பின்னம் குறைந்து இந்த அவையில்தான் விழுந்தது.

அதனால் அரசு பேச வேண்டியதாயிற்று. அந்த மசோதாவில், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகும் சரக்குக்கு இரண்டு ஆண்டுக்கு 1% வரை கூடுதல் வரி என்று ஒரு பிரிவு இருந்தது. ஆத்தங்குடி டைல்ஸ் கொச்சிக்குப் போனால் இந்த 1% ஏறும். வாங்குகிறவர் அடுத்த கட்டத்தில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. அந்தப் பணம் சரக்கு கிளம்பிய மாநிலத்துக்கு, அதாவது தமிழ்நாட்டுக்குப் போகும். காங்கிரஸ் இதை எடுக்கச் சொல்லிப் பிடிவாதமாக நின்றது. எடுத்தார்கள். 2016 ஆகஸ்ட் 3 அன்று மசோதா மாநிலங்களவையில் 203-0 என்று நிறைவேறியது. 8-ஆம் தேதி அந்த மாற்றங்களை மக்களவை ஏற்றது.

அன்று காங்கிரஸ் சார்பில் பேச்சைத் தொடங்கியவர் சிதம்பரம். புது உறுப்பினர், மகாராஷ்டிரா. இங்கேதான் 'மாநிலங்களின் அவை' என்ற தலைப்பு எனக்கு உதைக்கிறது. மகாராஷ்டிராவும் உற்பத்தி மாநிலம், தமிழ்நாடும் உற்பத்தி மாநிலம். அந்த 1% இருந்திருந்தால் ரெண்டுக்குமே வருமானம். அவர் பிறந்த மாநிலத்துக்கும், அவரை அனுப்பிய மாநிலத்துக்கும் லாபமான ஒன்றை அவர் கட்சி எதிர்த்தது. வரிக்கொள்கையாகப் பார்த்தால் எதிர்த்தது சரி என்றே நினைக்கிறேன், வரி மேல் வரி விழுவதை ஒழிக்கத்தானே ஜிஎஸ்டி. ஆனால் அது மாநிலத்தின் குரல் இல்லை, கட்சியின் குரல். உற்பத்தி மாநிலத்துக்கு இழப்பு என்று வாதாடிய அதிமுக 203-க்குள் சேராமல் வெளிநடப்பு செய்தது. அந்த 0-க்குள் தமிழ்நாட்டின் ஆட்சேபணை எங்கேயும் பதிவாகவில்லை.

அதே பேச்சில் சிதம்பரம் இன்னொன்றும் கேட்டார். அடுத்து வரும் ஜிஎஸ்டி சட்டங்களைப் பண மசோதாவாகக் கொண்டுவராதீர்கள், நிதி மசோதாவாகக் கொண்டுவருவோம் என்று உறுதி கொடுங்கள் என்றார். ஜேட்லி உறுதி கொடுக்கவில்லை. 2017 மார்ச்சில் நான்கு சட்டங்களும் பண மசோதாவாகவே வந்தன. பண மசோதா மாநிலங்களவையில் தொடங்க முடியாது. அங்கே வந்தால் 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். பரிந்துரை செய்யலாம், ஏற்பதும் தள்ளுவதும் மக்களவை இஷ்டம். ஏப்ரல் 6 அன்று ஒரு மாற்றமும் இல்லாமல் நான்கும் திரும்பிப் போயின. எட்டு மாதம் முன்னால் அரசைக் காக்கவைத்த அதே அவைதான்.

நியாயமாகச் சொன்னால் அந்த நான்கும் வரிச் சட்டங்கள், பண மசோதா என்று வாதாட இடம் இருக்கிறது. ஆதார் சட்டத்துக்கு அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2010-ல் மன்மோகன் அரசு ஆதாருக்கான மசோதாவைச் சாதாரண மசோதாவாக, அதுவும் மாநிலங்களவையிலேயே அறிமுகம் செய்தது. 2016-ல் அதே விஷயம் பண மசோதாவாக மக்களவைக்கு வந்தது. மார்ச் 16 அன்று மாநிலங்களவை ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. விருப்பமில்லாதவர் ஆதாரிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்பது அதில் ஒன்று. அன்று சாயங்காலமே மக்களவை ஐந்தையும் தள்ளியது.

110-ஆவது பிரிவில் ஒரு சொல் இருக்கிறது: 'மட்டும்'. வரி, கடன், அரசு நிதியிலிருந்து செலவு, இவற்றையும் இவற்றைச் சேர்ந்தவற்றையும் மட்டும் கொண்டது பண மசோதா. தனியார் கம்பெனி ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட 57-ஆவது பிரிவு இதில் எங்கே அடங்கும்? ஜெய்ராம் ரமேஷ் போட்ட வழக்கில் இதை வாதாடிய வக்கீல்களில் ஒருவர், வேறு யார், சிதம்பரம். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் நான்கு நீதிபதிகள் இது பண மசோதாதான் என்றார்கள், 57-இல் தனியாருக்கான பகுதியை மட்டும் வெட்டிவிட்டு. நீதிபதி சந்திரசூட் ஒருவர்தான் இது அரசமைப்பின் மீதான மோசடி என்று எழுதினார். நான்கு பேரின் தர்க்கம் எனக்கு ஒட்டவில்லை. நிறைவேறும்போது அந்தப் பிரிவு உள்ளேதான் இருந்தது, மாநிலங்களவை தன் அதிகாரத்தை இழந்ததும் அப்போதுதான். பிறகு வெட்டினால் அன்று நடந்தது எப்படிச் சரியாகும்? 2019 நவம்பரில் ரோஜர் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றமே அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தில் சந்தேகப்பட்டு, கேள்வியை ஏழு நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது.

ஒரு மசோதா பண மசோதாவா என்று முடிவு செய்வது மக்களவை சபாநாயகர். அவர் முடிவே இறுதி. என் வேலையில் ரெண்டு சிஸ்டம் பேசிக்கொள்ளும்போது, அனுப்புகிற பக்கம் போடுகிற ஒரு ஃப்ளாக், வாங்குகிற பக்கத்தின் சோதனைகளையெல்லாம் தாண்டிவிடும் என்றால், அந்த டிசைனை ரிவ்யூவில் விடமாட்டோம். அந்த டேபிளின் கடைசி வரி அந்த ஃப்ளாக்தான். கைடில் அது வயது, எண்ணிக்கையோடு எட்டாவது வரியாக உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா, மேலவை எதுன்னு கேட்டா மாநிலங்களவைன்னுதானே டிக் பண்ணணும்?" என்றாள். ஆமா, அதைத்தான் பண்ணணும் என்றேன். பென்சிலை எடுத்து எட்டாவது வரியைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் போட்டுக்கொண்டாள்.